ஐந்தாம் காம்பராவின் பொட்டு

எங்கள் லயத்தில் எந்த வீட்டுக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அடியில் நகப்பூச்சால் வைத்த ஒரு பொட்டு இருக்கும். சிவப்பு என்றால் மூன்றாம் காம்பரா. பச்சை என்றால் ஏழாம் காம்பரா. ஊதா நான், ஆறாம் காம்பரா. வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மேலே ஏறி வந்தால் தேயிலைக்கு நடுவில் ஒரே கூரையின் கீழ் பத்து காம்பராக்கள் வரிசையாக நிற்கும். அதுதான் லயம், காம்பராவுக்கு ஒரு குடும்பம். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு வீட்டிலும் வந்தவர்களை உட்காரவைக்க நாலு கதிரை தேறாது. பத்தையும் கூட்டினால் ஒரு சின்னக் கல்யாணமே நடத்திவிடலாம். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால், லயத்திலுள்ள நல்ல சாமான் எல்லாம் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போய்விடும். வந்தவர்கள் போன பிறகு பொட்டைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்போம்.

இந்தக் காரியத்துக்கெல்லாம் தலைவி நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இருபது குழந்தைகளை ஒரே அதட்டலில் படுக்கவைக்கிறவளுக்குப் பத்து வீட்டுக்காரரை அதட்டுவது ஒரு பெரிய விஷயமா?

ஐந்தாம் காம்பராவுக்கு மட்டும் பொட்டு கிடையாது. இரவல் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. வாங்குவாள், பத்திரமாகத் திருப்பித் தருவாள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இரத்த சொந்தம் இல்லை, சுவர் சொந்தம். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். அவள் புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்கென்று போனான். கொஞ்ச நாள் காசு வந்தது, பிறகு போன் மட்டும் வந்தது, பிறகு அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்ற செய்தி வந்தது. அந்தப் படுபாவியைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் என் பேனா அசிங்கப்படும். தங்கச்சிக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. தோட்டத்தில் எல்லா நாளும் வேலை கொடுப்பதில்லை. கொடுத்த நாளில் மழை பிடித்துக்கொண்டால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம்தான்.

ஒரு நாள் அவள் தலவாக்கலை பஸாரிலிருந்து ஒரு நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். சக்கரம் வைத்த பெரிய பிரயாணப் பெட்டி. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அப்படிப்பட்ட பெட்டி வாங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"பாஸ்போட்டு வந்துருச்சுக்கா. மெடிக்கலும் முடிஞ்சுது. வீட்டு வேலைக்குத்தான், ரெண்டு வருசம். ஏஜென்ட் தேதி சொன்னதும் போறேன்."

"புள்ள?"

"நீங்கதான் இருக்கீங்களேக்கா."

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பிள்ளைக்காம்பராவில் இருந்து இருந்து எனக்குத் தெரியும் அந்தக் கதை. தாய் அரபு நாட்டுக்குப் போன குழந்தையிடம் "அம்மா எங்கே?" என்று கேட்டால், அது வீட்டிலுள்ள போனைக் காட்டும். இரண்டு வருஷம் கழித்துத் தாய் திரும்பி வந்து இரண்டு கையையும் நீட்டினால், ஓடிவந்து என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்போது அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவேண்டியவள் நான். எத்தனை முறை பார்த்துவிட்டேன். இன்னொரு முறை, அதுவும் இவளை, பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு மாதாமாதம் நேராக பேங்குக்கே காசு போடப்போகிறது என்ற செய்தி வந்தது. கங்காணி கையில் இல்லை, சங்கத்து ஆள் கையில் இல்லை, நேராக அவரவர் பெயரில். விண்ணப்பப் பாரம் நிரப்ப லயத்தில் பாதிப்பேர் என்னிடம்தான் வந்தார்கள். தங்கச்சியின் பாரத்தை நானே எழுதிக் கையெழுத்து வைக்கும் இடத்தையும் விரலால் காட்டினேன்.

"இந்தச் சல்லி வந்தா நான் போகலக்கா," என்றாள். "சம்பளத்தோட இதையும் வச்சு சமாளிச்சுருவேன். சத்தியமா போகமாட்டேன்."

அது போதும் எனக்கு. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு நான் களத்தில் இறங்கினேன். இறங்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை வீடு பார்க்க அதிகாரி வருவார் என்று கிராம சேவகர் சொல்லி அனுப்பினார். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். எங்கள் லயத்துக்கு மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் சுத்தம் பார்க்கத்தான் வருவார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். தோட்டத்து மருத்துவிச்சி வருவார், நலன்புரி அதிகாரி வருவார், எப்போதாவது துரையே வருவார். அடுப்பைப் பார்ப்பார்கள், படுக்கையைப் பார்ப்பார்கள், கழிவுநீர்க் கானைப் பார்ப்பார்கள். குப்பையாக இருந்தால் நாலு பேர் முன்னால் வசவு. நன்றாக இருந்தால் பரிசு. நான்கூட ஒரு முறை பச்சை வாளி ஒன்று வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அதில்தான் குளிக்கிறேன். ஆகவே அதிகாரி வருகிறார் என்றதும் எங்கள் பத்து வீட்டில் ஒரு மூளைக்குக்கூட வேறு யோசனை வரவில்லை. வீடு லட்சணமாக இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் "குடித்து அழிக்கிற கூட்டம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படித்தான் நினைத்தோம்.

புதன்கிழமை சாயந்திரமே நான் மூன்றாம் காம்பராவுக்குப் போய் நின்றேன். அங்கே இருப்பவளை நான் மதினி என்பேன். அவள் என்னை டீச்சரே என்பாள், பாதி மரியாதை, பாதி நக்கல். இரண்டிரண்டு வருஷமாக, நடுவில் லீவில் வந்துபோய், மொத்தம் எட்டு வருஷம் அரபு நாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். அந்த எட்டு வருஷத்தில் அவள் வாங்கிய டீவியும், தையல் மெஷினும், தங்கக்கரை போட்ட கோப்பைகளும்தான் எங்கள் லயத்தின் பெரிய சொத்து. அவள் திரும்பிவந்த வருஷமே புருஷன் மலைச்சரிவில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அவளும் பாரம் போட்டிருந்தாள்.

"தூக்கிட்டுப் போங்க டீச்சரே," என்றாள். "எம் மெசினு போகாத வீடா? பொண்ணு பாக்க வந்தவுக பாதிப்பேரு அத நம்பித்தானே சம்மதிச்சாக."

நாலு பேராகத் தூக்கினோம். டீவி, தையல் மெஷின், கோப்பைகள், ஏழாம் காம்பராவிலிருந்து சிவப்புக் கதிரை நான்கு, என் சுவர்க்கடிகாரம், என் பூப்போட்ட மேசைவிரிப்பு. தங்கச்சி ஒரு மூலையில் நின்று, "அக்கா, இவ்வளவும் வேணுமா?" என்று முனகினாள். "நீ சும்மா இரு," என்றேன். எல்லாம் முடிந்து பார்த்தபோது ஐந்தாம் காம்பரா அப்படி ஒரு அழகு. நீலப் பெட்டியை மட்டும் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கதிரையில் உட்கார்ந்து தங்கக்கரைக் கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தார். கையிலிருந்த போனில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"டீவி வேலை செய்யுதா?"

தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அருமையா ஓடும் சேர். படமெல்லாம் பளிச்சுனு தெரியும்."

"தையல் மெஷின்?"

"அதுவும் நல்லா ஓடும் சேர். கெட்டிக்காரி, எல்லாம் தைப்பா." அவளுக்கு ஒரு பொத்தான் கட்டத் தெரியாது.

அவர் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிறகு மூன்றாம் காம்பராவுக்குப் போனார். அங்கே கொடுக்கக் கோப்பைகூட இல்லை, எல்லாம் இங்கே இருந்ததே. மதினி ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொல்லி, "மன்னிக்கணும் சேர், வீடு வெறிச்சுனு கெடக்கு," என்றாளாம்.

சில மாதம் கழித்துப் பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாம் காம்பரா இருந்தது. ஐந்தாம் காம்பரா இல்லை. நான் மேலிருந்து கீழே இரண்டு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தேன். கடைசியில் பக்கத்தில் நின்ற கிராம சேவகரின் உதவியாளர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீவி, தையல் மெஷின் எல்லாம் இருக்கிற வீட்டுக்கு எப்படிம்மா குடுக்கிறது?"

அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். இல்லாதவர்களுக்குக் கொடுக்க வந்த மனிதரிடம், இருப்பதாக நாங்களே காட்டியிருக்கிறோம். காட்டியது நான். "அருமையா ஓடும் சேர்" என்று சொன்னதும் நான். லயம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். தங்கச்சியிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். நான் எழுதினேன். பிரதேச அலுவலகத்து வரிசையில் மூன்று நாள் லீவு போட்டு நின்றேன். "திரும்ப ஆள் அனுப்பிப் பார்ப்போம்" என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. ஏஜென்ட் தேதி சொன்னான். தங்கச்சி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு முறை தள்ளிப்போட்டாள். இன்னொரு முறை தள்ளமுடியாது என்று அவன் போனில் கத்தியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

இனி நடந்ததைச் சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. ஒரு நாள் சாயந்திரம் ஏழாம் காம்பராப் பெண்ணைப் பார்க்க உடப்புசல்லாவைப் பக்கமிருந்து ஆள் வருவதாக இருந்தது. அடை மழை. ஏழாம் காம்பராக் கூரை ஒழுகியது. ஐந்தாம் காம்பராக் கூரை ஒழுகாது. எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? "எல்லாத்தையும் தங்கச்சி வீட்டுல வையுங்க," என்று நானேதான் சொன்னேன். டீவி, மெஷின், கோப்பை, கதிரை, கடிகாரம், எல்லாம் மறுபடி அதே வீட்டில் அதே இடத்தில். தங்கச்சி சாவியைப் பிள்ளைக்காம்பராவில் என்னிடம் தந்துவிட்டு மலைக்குப் போனாள்.

பத்து மணிக்கு ஒரு இளம் பெண் குடையோடு வந்து நின்றாள். சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் தடக்கித் தடக்கி வந்தது. மேன்முறையீட்டுக்கு வீடு பார்க்க வந்திருக்கிறாள். குழந்தைகளை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு, தங்கச்சியின் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். கதவைத் திறந்தேன். திறக்காமல் சாவியை எங்கேயாவது எறிந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அந்தப் பெண் உள்ளே பார்த்தாள், கையிலிருந்த பழைய அறிக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லாம் அப்படியே இருக்குதே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அலுப்போடு சொன்னாள். அது இன்னும் மோசம்.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஒரு கோப்பையை எடுத்து அவள் மூக்குக்கு நேரே கவிழ்த்தேன். "மிஸ், இங்க பாருங்க. செவப்புப் பொட்டு. இது மூணாம் காம்பரா. இந்தக் கதிரயப் பாருங்க, பச்சை, ஏழாவது. இந்தா என்னோட கடியாரம், ஊதா. இந்த வீட்டுக்குப் பொட்டே கெடையாது மிஸ். இவகிட்ட பொட்டு வைக்க ஒண்ணுமே இல்ல!" என் கடைவீதிச் சிங்களமும் தமிழும் கலந்து கொட்டியது. அவள் குனிந்து தையல் மெஷினின் அடியில் பார்த்தாள். டீவியைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு ஒரு கதிரையைத் தானே தூக்கினாள். "வாங்க, எங்க போகும் காட்டுங்க," என்றாள்.

அப்படியே இரண்டு பேரும் மழையில் லயத்தின் முன்வராந்தாவான ஸ்தோப்போடு நடந்தோம், ஒவ்வொரு சாமானையும் அதனதன் வீட்டில் இறக்கிக்கொண்டு. வீட்டிலிருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள், பிறகு மெஷினுக்குக் கை கொடுத்தார்கள். அவள் ஒவ்வொரு வாசலிலும் எழுதிக்கொண்டே வந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆளுக்கொரு பக்கம் டீவியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் காம்பராவை நெருங்கியபோதுதான், அவள் எழுதுவது ஐந்தாம் காம்பராவில் இல்லாததை மட்டும் அல்ல, மற்ற வீடுகளில் இருப்பதையும்தான் என்பது எனக்கு உறைத்தது.

மதினி பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் டீவியைக் காட்டி, "மே காகேத?" என்றாள். இது யாருடையது?

நான் அவளுக்குப் பின்னால் நின்று மதினிக்குக் கண்ணைக் காட்டினேன். தலையை ஆட்டினேன். உதட்டைக் கடித்தேன். ஒரு மனுஷிக்கு ஜாடை காட்ட இதற்கு மேல் முகத்தில் ஒன்றும் இல்லை. மதினி என்னையும் பார்த்தாள், என் இடுப்பிலிருந்த பிள்ளையையும் பார்த்தாள். கையிலிருந்த மாவைத் துடைத்தாள்.

"என்னோடது," என்றாள். "மெசினும் என்னோடது. கோப்பையும் என்னோடது."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், அவள் கேட்டது உண்மை, எழுதியதும் உண்மை.

திரும்ப ஐந்தாம் காம்பராவுக்கு வந்தோம். இப்போது வீடு சரியாகக் காலி. ஒரு பாய், இரண்டு சட்டி, கொடியில் சின்னச் சட்டைகள். கதவுக்குப் பின்னால் நீலப் பெட்டி.

"இது யாரோட வீட்டுக்குப் போகும்?"

"இது அவளோடதுதான் மிஸ். இந்த வீட்டுல அவளோடது இது ஒண்ணுதான்."

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். எங்கே போக, எப்போது போக என்றெல்லாம் கேட்கவில்லை. மலைநாட்டில் வேலை பார்க்கிறவளுக்கு அது தெரியாதா? பேனாவை மூடிவைத்துவிட்டு, போகும்போது பிள்ளையின் காலை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த பட்டியலில் தங்கச்சியின் பெயர் இருந்தது. பிள்ளைக்காம்பரா என்றும் பாராமல் நான் போட்ட கூச்சலில் தொட்டிலில் இருந்த நாலு குழந்தைகள் எழுந்து அழுதன. அவள் ஏஜென்ட்டிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க ஹட்டனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் கத்தினான். நானும் கத்தினேன். என் சத்தம்தான் பெரியது. முதல் மாதக் காசு வந்த அன்றைக்கு அவள் பால்மாவும், பத்து முட்டையும், பிள்ளைக்கு மழைக்குப் போட ஒரு சோடி சப்பாத்தும் வாங்கினாள். பஸார் கடை முதலாளி, அதுவரை அவள் வந்தால் பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தாதவர், "என்னம்மா, வேற என்ன வேணும்?" என்றாராம். அதைத்தான் என்னிடம் நாலு தடவை சொன்னாள். அது பெரிய தொகை ஒன்றும் இல்லை. இன்றைய விலைவாசியில் மாதக் கடைசிக்கு எட்டாது. ஆனால் மழை பிடித்து அரைநாள் சம்பளத்தோடு வந்த நாட்களில் அவள் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரவில்லை. பெட்டியில் கம்பளியை மடித்துவைத்தாள். பிள்ளை அதன்மேல் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்டும்.

இரண்டு மாதம் கழித்து மதினிக்கு வந்துகொண்டிருந்த காசு நின்றது.

ஏன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நான் மூன்றாம் காம்பராவுக்குப் போக மூன்று நாள் யோசித்தேன். போய் வாசலில் நின்று, "என்னய நாலு அடி அடிச்சுரு மதினி," என்றேன்.

"எதுக்கு?"

"நான் கண்ணக் காட்டினேன்ல. இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒடைஞ்ச டீவின்னாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் புருஷனைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டே பேசினாள். "டீச்சரே, அந்த மெசினு எட்டு வருசம் அடுத்தவுக வீட்டுக் கக்கூசக் கழுவி வாங்கினது. அதப் போயி என்னோடது இல்லேன்னா, அந்த எட்டு வருசமும் என்னோடது இல்லேன்னு ஆயிடாதா?" அவருக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, "அதோட, நான் இல்லேன்னு சொல்லியிருந்தா, அது அஞ்சாம் காம்பராக்காரியோடதாயிருக்கும்," என்றாள்.

அவர் தலைமாட்டிலிருந்த மருத்துவச் சீட்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

அவளுக்காகவும் மேன்முறையீடு எழுதினேன். புருஷனின் மருத்துவச் சீட்டை வைத்து, தையல் மெஷினில் தைக்கத் துணி கொண்டுவர ஆள் இல்லை என்று எழுதி, பிள்ளைகளின் படிப்பை எழுதி, இரண்டு முறை அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

ஆனால் லயத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. யாரும் சாமான் கொடுப்பதில்லை. ஏழாம் காம்பரா கதிரைகளைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டது. ஒன்பதாம் காம்பரா கோப்பை அடியிலிருந்த பொட்டுகளைச் சுரண்டிவிட்டது. யார் வீட்டில் எதைப் பார்த்து யார் எழுதுவார்களோ என்ற பயம். காசு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. எட்டாம் காம்பராப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் ஸ்தோப்பில் நின்றுகொண்டே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த வெட்கக்கேட்டை நான் ஆறாம் காம்பராவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடிகாரத்தைக்கூட யாரும் கேட்கவில்லை.

மதினி போக முடிவு செய்தாள். ஏஜென்ட் அதே ஆள்தான். அவளுடைய பழைய பெட்டியை எலி கடித்து, சக்கரமும் போய்விட்டது. துணிகளை ஒரு உரச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற காலம் போய்விட்டதே.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி நீலப் பெட்டியிலிருந்து கம்பளிகளை எடுத்துப் பாயில் போட்டாள். பெட்டியைத் துடைத்தாள். இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். தலவாக்கலையில் வாங்கிய நகப்பூச்சு, மஞ்சள். லயத்தில் யாருக்கும் இல்லாத நிறம்.

"ஏய், எதுக்குடி இது?"

"அஞ்சாம் காம்பராவுக்குக்கா."

பெட்டியைக் கவிழ்த்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தாள். பிள்ளை தானும் வைப்பேன் என்று அடம்பிடித்து, அதன்மேலேயே இன்னொன்று வைத்தது. அது பொட்டாக இல்லை, பெரிய திட்டாக இருந்தது. காய்ந்ததும் ஸ்தோப்பு வழியாக எல்லோரும் பார்க்கப் பெட்டியை உருட்டிக்கொண்டு மூன்றாம் காம்பராவுக்குப் போனாள். சாக்கைப் பார்த்தாள். சாக்கிலிருந்த துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

மதினியும் குனிந்து அடுக்கினாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே அடுக்கினார்கள். நான் மட்டும் அழவில்லை என்று சொன்னால் பொய்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு எல்லோரும் இறங்கினோம். ஏழாம் காம்பராக்காரர்தான் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தார். பஸ்ஸில் ஏறுமுன் மதினி பெட்டியை ஒருக்களித்து, தன் சின்ன மகளைக் கூப்பிட்டு, பொட்டைக் காட்டினாள்.

"பாத்தியா? இது அஞ்சாம் காம்பராச் சாமான். திருப்பிக் குடுக்காம இருக்கமுடியுமா? அம்மா கொண்டாந்து குடுத்துரணும்ல?"

சின்னவள் தலையாட்டினாள். எட்டு வயது. லயத்தில் பிறந்த பிள்ளை, பொட்டு வைத்த சாமான் திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்போது அந்த இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு ஐந்தாம் காம்பராவுக்குத்தான் வருகிறார்கள். தங்கச்சிக்கு வருகிற காசில்தான் அவர்களுக்கும் முட்டை. அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்து அங்கேயே படிக்கிறார்கள். பெரியவள் என் கடிகாரத்தைக் கேட்டாள், நேரம் பார்த்துப் படிக்க. கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதினி போனில் படத்தோடு பேசுவாள். பெரியவள் பரீட்சையைப் பற்றிச் சொல்வாள். மதினியின் புருஷனுக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றித் தங்கச்சி சொல்வாள். சின்னவள் ஒன்றும் பேசமாட்டாள். கடைசியில் போனை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பெட்டியக் காட்டுங்க," என்பாள். அங்கே மதினி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கவிழ்த்து, மஞ்சள் திட்டைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுவாள். அது அழியாமல் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சின்னவள் சாப்பிடப் போவாள்.